அடகுக்கடைக்காரரும் பிங்கோ கூடமும்: ஈ.சி.டபிள்யூ. கதை

என் பெரியம்மா மகனிடம் ஒரு கட்டு டபிள்யூ.டபிள்யூ.எஃப். சீட்டு இருந்தது. ரேங்க், உயரம், எடை, மார்பளவு என்று ஒவ்வொரு சீட்டிலும் எண்கள் அச்சடித்திருக்கும். அந்தக் கட்டை வைத்து விளையாடிய எல்லாருக்கும் உலகத்தில் இருப்பது ஒரே ஒரு ரெஸ்ட்லிங் கம்பெனிதான். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான். அதே சமயத்தில் அமெரிக்காவில் இன்னொரு பெரிய கம்பெனியும் இருந்தது, மூன்றாவதாகக் காசே இல்லாத ஒரு சின்னக் கம்பெனியும் இருந்தது, அந்த மூன்றாவதிடமிருந்துதான் முதல் இரண்டும் திருடிக்கொண்டிருந்தன என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அந்த மூன்றாவதின் பெயர் ஈ.சி.டபிள்யூ. பெரிய கம்பெனிகளோடு ஒரு சின்னக் கம்பெனி எப்படி மோதலாம், எங்கே போய் முட்டிக்கொள்ளும் என்பதற்கு அதன் எட்டொன்பது வருட வரலாற்றை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஒன்று. இந்த ரெஸ்ட்லிங்கில் யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். அது இப்போது எல்லாருக்கும் தெரியும். கதையை எழுதி, யார் யாரோடு மோத வேண்டும் என்று முடிவு செய்கிறவரை 'புக்கர்' என்பார்கள். நம்ம ஊர்க் கணக்கில் கதை, திரைக்கதை, இயக்கம் மூன்றும் அவரே. ஆனால் மேலேயிருந்து விழுவதும், நாற்காலியால் வாங்கும் அடியும், வலியும் நிஜம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1948-இல் தொடங்கிய என்.டபிள்யூ.ஏ. என்ற கூட்டமைப்பின் கீழ் அமெரிக்கா வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்து கிடந்தது. ஒருவர் ஏரியாவில் இன்னொருவர் நிகழ்ச்சி நடத்தக் கூடாது என்பது எழுதாத சட்டம். 1980-களில் வின்ஸ் மெக்மேன் அதை உடைத்து, கேபிள் டிவியைப் பிடித்து, எல்லா ஊர்களிலும் நுழைந்தார். வட்டாரக் கம்பெனிகள் வரிசையாக மூடின. அவரை எதிர்த்து நின்றது டபிள்யூ.சி.டபிள்யூ. மட்டும்தான். அதற்கும் காரணம், 1988-இல் அதை வாங்கியவர் சி.என்.என். முதலாளி டெட் டர்னர். ஆக, 1990-களின் தொடக்கத்தில் களத்தில் இருந்தவை இரண்டு யானைகள்.

இந்த நேரத்தில்தான் பிலடெல்பியாவில் டாட் கார்டன் என்பவர் 1992-இல் 'ஈஸ்டர்ன் சாம்பியன்ஷிப் ரெஸ்ட்லிங்' என்று ஒன்றைத் தொடங்கினார். அவர் தொழில் அடகுக்கடை, நகைக்கடை. (சிரிக்காதீர்கள், கம்பெனியின் முதல் முதலீடு அங்கிருந்துதான் வந்தது.) ஊரில் அதற்கு முன் இருந்த ஒரு சின்ன ரெஸ்ட்லிங் அமைப்பு அந்த வருடம்தான் மூடியிருந்தது; அந்த ரசிகர்கள் சும்மா இருந்தார்கள். அவர் பிடித்த இடம் தெற்கு பிலடெல்பியாவில், நெடுஞ்சாலைப் பாலத்தை ஒட்டி, கிடங்குகளுக்கு நடுவில் இருந்த ஒரு கூடம். மற்ற நாட்களில் அங்கே பிங்கோ நடக்கும். பிங்கோ என்றால் நம்ம தம்போலா மாதிரி. உள்ளே ஆயிரத்துச் சொச்சம் பேர் நெருக்கி உட்காரலாம். அந்தக் கூடத்துக்குக் கிடைத்த பெயர் ஈ.சி.டபிள்யூ. அரீனா. அரீனா என்ற சொல்லுக்கே அவமானம், ஆனால் பெயர் நிலைத்துவிட்டது.

தொடக்க கால புக்கர் எடி கில்பர்ட். அவர் 1993 செப்டம்பரில் விலக, அந்த இடத்துக்கு வந்தவர் பால் ஹேமன். அதற்கு முன் டபிள்யூ.சி.டபிள்யூ.வில் கையில் பெரிய மொபைல் போனோடு வாய் கிழியப் பேசும் மேனேஜராக நடித்தவர். அப்போது வயது இருபத்தெட்டு.

ஹேமன் வந்து ஒரு வருடத்துக்குள் நடந்த சம்பவம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். டபிள்யூ.சி.டபிள்யூ. பிரிந்து போனதால் என்.டபிள்யூ.ஏ.வின் உலகப் பட்டம் காலியாகக் கிடந்தது. பழைய பெருமை மிக்க பட்டம். ரிக் ஃப்ளேர் மாதிரி ஆட்கள் வைத்திருந்தது. புது சாம்பியனைத் தேர்ந்தெடுக்க 1994 ஆகஸ்ட் 27 அன்று அதே பிங்கோ கூடத்தில் போட்டி நடந்தது. ஷேன் டக்ளஸ் ஜெயித்தார். பெல்ட்டைக் கையில் வாங்கினார், பழைய சாம்பியன்கள் பெயரையெல்லாம் சொன்னார், பிறகு அந்த பெல்ட்டைத் தரையில் வீசினார். செத்துப் போன அமைப்பின் பட்டம் எனக்கு வேண்டாம் என்றார். என்.டபிள்யூ.ஏ. ஆட்களுக்கு இது முன்கூட்டித் தெரியாது. ஹேமன், கார்டன், டக்ளஸ் மூவரும் சேர்ந்து செய்த சதி. சில நாட்களில் 'ஈஸ்டர்ன்' என்ற சொல் போய் 'எக்ஸ்ட்ரீம்' வந்தது. சுருக்கெழுத்து அதேதான் என்பதால் பழைய எழுத்துகளை மாற்ற வேண்டிய செலவும் மிச்சம்!

எனக்கு இது வெறும் நாடகமாகத் தெரியவில்லை. கையில் வந்த பெரிய பட்டத்தை வைத்துக்கொண்டிருந்தால் ஈ.சி.டபிள்யூ. பழைய சாம்ராஜ்யத்தின் கடைசி வாரிசாக, நாலாந்தர டபிள்யூ.சி.டபிள்யூ.வாக இருந்திருக்கும். வீசியதால், "நாங்கள் அவர்களைப் போல இல்லை" என்பது ஒரே இரவில் நாடு முழுக்க இருந்த தீவிர ரசிகர்களுக்குத் தெரிந்தது. விளம்பரச் செலவு பூஜ்யம்.

ஹேமனின் முறை என்று எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: ஒருவனிடம் உள்ள பலத்தைக் காட்டு, குறையை மறை. கேட்க எளிது. செய்து பார்த்தவர்கள் குறைவு. சேண்ட்மேன் என்று ஒருவர். மல்யுத்தம் அவ்வளவாக வராது. ஹேமன் அவர் கையில் ஒரு பிரம்பும் பீர் டின்னும் கொடுத்தார், வாயில் சிகரெட், பின்னணியில் மெட்டாலிகா பாட்டு. கூட்டத்துக்கு நடுவே நடந்து வந்து, பீர் டின்னை நெற்றியில் அடித்து நசுக்கி, ரிங்குக்குள் வருவதற்குள் பாட்டே முடிந்துவிடும். அந்த வருகைக்கே டிக்கெட் காசு சரியாகிவிட்டது. அதன்பின் அவர் சண்டை போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. (பாட்டுக்கு உரிமைத்தொகை கட்டினார்களா என்று கேட்காதீர்கள். சின்னதாக இருப்பதில் அதுவும் ஒரு வசதி.)

மைக்கி விப்ரெக் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். ரிங் மாட்டும் வேலைக்கு வந்த ஒல்லிப் பையன். நிகழ்ச்சிக்கு முன்னால் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ரிங்கில் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டிருந்தவனை மேடையேற்றினார்கள். மாதக்கணக்கில் அடி மட்டுமே வாங்குவான், திருப்பி அடிக்கவே மாட்டான். பெரிய கம்பெனியில் இப்படி ஒருவனைக் கேட் அருகில்கூட விட்டிருக்க மாட்டார்கள். அங்கே ஆறரை அடி உயரமும் உருண்டு திரண்ட உடம்பும் வேண்டும், சீட்டில் எண் வர வேண்டுமே! 1995 அக்டோபரில் அந்தப் பையன் சேண்ட்மேனை வென்று ஈ.சி.டபிள்யூ. உலக சாம்பியன் ஆனான்.

டிவி நிகழ்ச்சியும் அப்படித்தான். உள்ளூர் விளையாட்டுச் சேனல், பல ஊர்களில் நடுராத்திரிக்கு மேல். யானைகளிடம் வர்ணனைக்கு இரண்டு மூன்று பேர். இங்கே ஜோயி ஸ்டைல்ஸ் ஒருத்தர் மட்டும். விளக்கு வெளிச்சம் போதாது, படம் புள்ளி புள்ளியாக இருக்கும். அதையே அழகாக்கினார்கள். வேகமாக வெட்டிய காட்சிகள், பின்னால் ராக் பாட்டு. திருட்டுத்தனமாக எதையோ பார்க்கிறோம் என்ற உணர்வு பார்க்கிறவருக்கு வந்தது. பதினேழு வயதுப் பையன்களுக்கு அதைவிடப் பெரிய ஈர்ப்பு வேறென்ன?

ரசிகர்களைப் பற்றித் தனியாக எழுதலாம். ஒரே ஆட்கள், ஒரே நாற்காலி, மாதாமாதம். வாணலி, கீபோர்டு, சாலைப் பலகை என்று வீட்டிலிருந்து 'ஆயுதங்கள்' கொண்டுவந்து வீரர்கள் கையில் கொடுப்பார்கள். சண்டை மோசமாக இருந்தால் தங்கள் ஆளையே கிழித்துவிடுவார்கள். 1994 ஆகஸ்டில் ஒரு சண்டையின் முடிவில் ரிங்கிலிருந்து ஒரு நாற்காலி கேட்கப்பட்டது. கூட்டம் ஒன்றல்ல, நூற்றுக்கணக்கான மடக்கு நாற்காலிகளை வீசியது. உள்ளே கிடந்த இரண்டு பேர் இரும்புக் குவியலுக்கு அடியில் புதைந்தார்கள். யாரும் சாகாதது அதிர்ஷ்டம். ஆனால் அந்த வீடியோவைப் பார்த்த எவனும் மறக்கவில்லை. 1995 ஜூனில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். தன் 'கிங் ஆஃப் தி ரிங்' நிகழ்ச்சியை பிலடெல்பியாவில் வைத்தபோது, இறுதிப் போட்டி போரடிக்க, அரங்கம் "ஈ.சி.டபிள்யூ.!" என்று கத்த ஆரம்பித்தது. மெக்மேன் தன் நிகழ்ச்சியில், தன் செலவில், அடகுக்கடைக்காரரின் கம்பெனிக்கு விளம்பரம் கொடுத்தார்.

சரி, வெறும் ரத்தமும் நாற்காலியும்தானா என்றால், இல்லை. இதுதான் பலரும் தவறவிடும் இடம். எடி கெரேரோ, டீன் மலெங்கோ, கிறிஸ் பென்வா மூவரும் உயரம் குறைந்தவர்கள், ஆனால் தொழில் சுத்தம். யானைகள் இவர்களைக் கண்டுகொள்ளவில்லை. ஹேமன் இவர்களை நாற்காலி ரகளைகளுக்கு நடுவே வைத்து, உண்மையான மல்யுத்தத்தை ஒரு சுவையாகக் கொடுத்தார். ஜப்பான் பாணி, மெக்ஸிகோ பாணி என்று அமெரிக்க டிவியில் வராத எல்லாம் அங்கே வந்தது. ரே மிஸ்டீரியோவும் அந்தக் கூடத்தில் 1995 செப்டம்பரில் ஆடினார். ஸ்டீவ் ஆஸ்டினை டபிள்யூ.சி.டபிள்யூ. காயத்தோடு இருந்தபோது வேலையை விட்டு நீக்கியது. கை சரியாகும்வரை சண்டை போட முடியாதவரிடம் ஹேமன் மைக்கைக் கொடுத்து, மனதில் இருப்பதைப் பேசு என்றார். ஆஸ்டின் பழைய முதலாளிகளைக் கிழித்தார். 'மண்டே நைட்ரோ' நிகழ்ச்சியை 'மண்டே நைக்வில்' என்று கேலி செய்தார். நைக்வில் என்பது அங்கே தூக்கம் வரவைக்கும் சளி மருந்து! அந்தப் பேச்சில்தான் பின்னால் உலகம் பார்த்த 'ஸ்டோன் கோல்ட்' முளைவிட்டது. அதே ஆஸ்டின் 1995 நவம்பரில் ரிங் மாட்டும் பையன் மைக்கியிடம் தோற்றார் என்பது உபரித் தகவல்.

இப்போது கதையின் மறுபக்கம்.

1995 ஆகஸ்ட் 26. கெரேரோவும் மலெங்கோவும் கடைசியாக அந்தக் கூடத்தில் மோதினார்கள். இருவரும் டபிள்யூ.சி.டபிள்யூ.வில் கையெழுத்திட்டது எல்லாருக்கும் தெரியும். போகாதீர்கள் என்று கூட்டம் கெஞ்சியது. சண்டை சமனில் முடிந்து இருவரும் அழுதார்கள். ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 4 அன்று, நைட்ரோ ஒளிபரப்பாகத் தொடங்கியது. மிஸ்டீரியோ 1996-இல் அங்கே போனார். ஆஸ்டினும், கேக்டஸ் ஜாக் என்று ஆடிய மிக் ஃபோலியும் மெக்மேனிடம் போனார்கள். இரண்டு யானைகளும் திங்கள் இரவுகளில் மோதிய அந்தப் போரில் இரு பக்கமும் சுட்ட குண்டுகளில் பாதி பிலடெல்பியாவில் செய்தவை. மேஜை உடைப்பது, நாற்காலி, கெட்ட வார்த்தை, முதலாளியையே திட்டும் நாயகன் என்று மெக்மேன் ஆளையும் எடுத்தார், பாணியையும் எடுத்தார்.

ஹேமனால் என்ன செய்ய முடியும்? சம்பளத்தில் போட்டி போட முடியாது. ஒரு ஆளை உருவாக்க ஒன்றரை வருடம், இழக்க ஒரு போன் அழைப்பு. புது ஆளைத் தேட வேண்டும். சில வருடம் அந்தச் சக்கரம் அற்புதமாகச் சுற்றியது: ரேவன், சாபு, டாஸ், டட்லி சகோதரர்கள், ராப் வான் டாம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தேய்ந்தது.

ஆட்களை இருத்தி வைக்கக் காசு வேண்டும். காசு வேண்டுமென்றால் பே-பெர்-வியூ வேண்டும். அதாவது ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு வீட்டிலிருந்து தனியாகக் காசு கட்டிப் பார்ப்பது. அந்த வாய்ப்பு கிட்டத்தட்ட கைநழுவியது. 1996 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ரெவியர் ஊரில் நடந்த நிகழ்ச்சிக்கு ஒரு வீரர் வரவில்லை. வயதையும் அனுபவத்தையும் பொய் சொல்லி ஒரு பதினேழு வயதுப் பையன் அந்த இடத்துக்கு வந்தான். ரத்தம் வர வேண்டும் என்பது ஏற்பாடு. நியூ ஜாக் என்ற வீரர் பிளேடால் கீறியது எல்லை மீறிப் போய், பையன் ரத்த வெள்ளத்தில் கிடந்தான். (நீதிமன்றம் பின்னால் நியூ ஜாக்கை விடுவித்தது.) பெரிய கம்பெனியில் ஆளை யார் சரிபார்ப்பது என்று ஒரு அலுவலகமாவது இருக்கும். இங்கே யாரும் கேட்கவில்லை. ஈ.சி.டபிள்யூ.வைக் கொண்டாடி எழுதுகிறவர்கள் இந்த இரவைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். சின்னதாக இருப்பதன் சுதந்திரம் என்று மேலே நான் சிரித்துக்கொண்டே எழுதினேனே, அதன் விலை இது.

கேபிள்காரர்கள் பின்வாங்கினார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். 1997 ஏப்ரல் 13 அன்று அதே கூடத்திலிருந்து 'பேர்லி லீகல்'. 52 வயது டெர்ரி ஃபங்க் அன்றிரவு சாம்பியன் ஆனார். ஒளிபரப்பு முடிந்த சற்று நேரத்தில் ஜெனரேட்டர் உயிரை விட்டு இடமே இருண்டது. பத்து நிமிடம் முன்னால் அது நடந்திருந்தால் கம்பெனி அன்றைக்கே முடிந்திருக்கும்.

அந்த நிகழ்ச்சிக்கு மெக்மேன் உதவினார் என்பது வேடிக்கை. 1997 பிப்ரவரியில் தன் 'ரா' நிகழ்ச்சியில் ஈ.சி.டபிள்யூ. ஆட்களை ஆட விட்டார். ஹேமனுக்கு ரகசியமாகப் பணமும் கொடுத்து வந்தார் என்பது பின்னால் வெளிவந்தது. மெக்மேனின் எதிரி டபிள்யூ.சி.டபிள்யூ.; ஈ.சி.டபிள்யூ. அவருக்கு ஒரு நாற்றங்கால் மாதிரி. நாற்று வளர்ந்தால் பிடுங்கிக்கொள்ளலாம். ஹேமனும் இதைத் தெரிந்தேதான் வாங்கினார் என்று நினைக்கிறேன். 'கலகக்காரர்' என்ற பிம்பத்துக்கு இது நல்லதல்ல; ஆனால் திங்கட்கிழமை சம்பளம் கொடுக்க வேண்டுமே.

அந்த 1997-லேயே கார்டன் வெளியேறினார். கம்பெனி முழுக்க ஹேமன் கையில். கதையும் அவர், எடிட்டிங்கும் அவர், கணக்கும் அவர். என் கருத்தில் கம்பெனியைக் கொன்ற காரணங்களில் முதலாவது இதுதான், யானைகள் இரண்டாவது. எழுதத் தெரிந்தவர் கணக்குப் பார்க்கவும் தெரிந்தவர் என்று யார் சொன்னது? பே-பெர்-வியூவில் செலவு இன்றைக்கு, பணம் பல மாதம் கழித்து. ஊர் ஊராகப் போக லாரி, விமானம், ஹோட்டல். கூடத்தில் நடந்தபோது இல்லாத செலவுகள். காசோலைகள் திரும்பி வர ஆரம்பித்தன. மேஜை மீது விழுந்து முதுகு போன ஆளுக்குச் சம்பளம் 'அடுத்த வாரம்'. அப்படியும் பலர் போகவில்லை. டாமி ட்ரீமர் ஆடியதோடு அலுவலக வேலையும் பார்த்தார். டாஸ் டி-ஷர்ட் டிசைன் செய்தார். அந்த விசுவாசம் அழகுதான். ஆனால் விசுவாசத்தை மூலதனமாகப் போட்டு ஓட்டும் கம்பெனியை எனக்கு முழு மனதோடு பாராட்ட வரவில்லை.

கடைசி நம்பிக்கை தேசிய டிவி. டி.என்.என். சேனலில் 1999 ஆகஸ்ட் 27 அன்று தொடங்கியது. பெல்ட்டை வீசிய அதே தேதி, ஐந்து வருடம் கழித்து. சேனல் பெரிதாக விளம்பரம் செய்யவில்லை, பட்ஜெட் இல்லை, நிகழ்ச்சியின் பாணி பற்றி ஓயாத சண்டை. ஹேமன் பழைய புத்தியில், 'தி நெட்வொர்க்' என்ற பெயரில் சேனலையே வில்லனாக்கிக் கதை எழுதினார்! டாஸும் டட்லிகளும் அந்த வருடமே மெக்மேனிடம் போய்விட்டார்கள்.

2000 ஏப்ரலில் நடந்ததைப் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஈ.சி.டபிள்யூ. சாம்பியன் மைக் ஆஸம், பட்டம் கையில் இருக்கும்போதே, ஏப்ரல் 10 அன்று நைட்ரோவில் தோன்றினார். வழக்கு, சமாதானம். பட்டத்தைத் திரும்பப் பெற வேண்டும், ஆனால் அவரை வெல்ல வைக்க நம்பகமான ஆள் வேண்டும். மெக்மேனிடம் கேட்டு டாஸைக் கடன் வாங்கினார்கள். ஏப்ரல் 13, இண்டியானாபோலிஸ்: டபிள்யூ.சி.டபிள்யூ. சம்பளம் வாங்கும் ஒருவரை டபிள்யூ.டபிள்யூ.எஃப். சம்பளம் வாங்கும் ஒருவர், ஈ.சி.டபிள்யூ. ரிங்கில், ஈ.சி.டபிள்யூ. பட்டத்துக்காக வென்றார். அடுத்த வாரம் டாஸ் அந்தப் பட்டத்தோடு 'ஸ்மாக்டவுன்' போய் ட்ரிபிள் ஹெச்-சிடம் தோற்றார். மற்றவர் பெல்ட்டைத் தரையில் வீசித் தொடங்கிய கம்பெனி. அதன் பெல்ட் மற்றவர் வீட்டில் மிதிபட்டது.

செப்டம்பரில் 'ரா' டி.என்.என்.-க்கு வந்தது. அக்டோபரில் ஈ.சி.டபிள்யூ. அங்கிருந்து போனது. 2001 ஜனவரி 13, அர்கன்சாஸ் மாநிலம் பைன் பிளஃப், கடைசி நிகழ்ச்சி. ஏப்ரலில் திவால் மனு: சொத்து சுமார் 14 லட்சம் டாலர், கடன் சுமார் 89 லட்சம். கடன்காரர்கள் பட்டியலில் ராப் வான் டாம் பெயருக்கு நேரே ஒன்றரை லட்சம் டாலர், டாமி ட்ரீமர் பெயருக்கு நேரே ஒரு லட்சம். டர்னரின் பணபலம் இருந்த டபிள்யூ.சி.டபிள்யூ.வும் அதே மார்ச்சில் மெக்மேனிடம் விற்கப்பட்டது என்பது ஒரு ஆறுதலா, தெரியவில்லை.

பெரிதாக வளராமல் அந்தக் கூடத்திலேயே இருந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். கிட்டத்தட்ட அதைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. ஈ.சி.டபிள்யூ. வீடியோ கேசட்டுகளை விற்றுப் பிழைத்த ஒரு கடைக்கு, கம்பெனி மூடியதும் விற்கச் சரக்கு இல்லை. அதன் ஆட்கள் 2002 பிப்ரவரியில் அதே பிலடெல்பியாவில் 'ரிங் ஆஃப் ஹானர்' தொடங்கினார்கள். டிவி கிடையாது, நிகழ்ச்சியைப் பதிவு செய்து டி.வி.டி. விற்பதுதான் தொழில். புக்கர் கேப் சபோல்ஸ்கி, ஹேமனிடம் வேலை பார்த்தவர். நாற்காலி ரகளையை எல்லாரும் காப்பியடித்துவிட்டதால், இவர்கள் நேர் எதிராகப் போனார்கள்: சண்டைக்கு முன்னும் பின்னும் கைகுலுக்க வேண்டும். சி.எம். பங்க், பிரயன் டேனியல்சன், சமோவா ஜோ எல்லாம் அங்கே தேறியவர்கள். அவர்களும் ஒருநாள் பெரிய இடத்துக்குப் போனார்கள். ஆனால் அந்தக் கம்பெனி கைமாறிக் கைமாறி, 2022-இல் டோனி கான் வாங்கியதுவரை உயிரோடு இருந்தது. செலவு குறைவு என்பதால் இழப்பும் தாங்கக்கூடியதாக இருந்தது. அதேசமயம், சின்ன வயதில் சீட்டு வைத்து விளையாடிய எவருக்கும் அதன் பெயர் தெரிந்திருக்க வழியில்லை. எது வேண்டும் என்பது நடத்துகிறவர் விருப்பம்.

ஈ.சி.டபிள்யூ.வின் பெயர், வீடியோக்கள் எல்லாவற்றையும் 2003-இல் மெக்மேன் வாங்கினார். அப்போது அவர் கம்பெனி டபிள்யூ.டபிள்யூ.ஈ. ஆகியிருந்தது. 2004-இல் அவர் வெளியிட்ட ஈ.சி.டபிள்யூ. வரலாற்று டி.வி.டி. சக்கைப்போடு போட்டது. அடுத்த வருடம் ஜூன் 12 அன்று நியூயார்க்கில் பழைய ஆட்களை எல்லாம் கூட்டி ஒரே ஒரு இரவு நிகழ்ச்சி. கூட்டம் பழைய மாதிரியே கத்தியது. சேண்ட்மேன் பழைய மாதிரியே பீரோடு கூட்டத்துக்குள் நடந்து வந்தார், பின்னணியில் அதே மெட்டாலிகா பாட்டு. இந்த முறை பாட்டுக்கு உரிமைத்தொகை கட்டியிருந்தார்கள்.